வெல்டிங் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு மணி நேரம் கொடுங்கள்

எங்கள் தோட்டப் பட்டணத்தின் வழிகாட்டி முகாம் ஏற்பாட்டுக் குழுவினருக்கு வணக்கம்.

இந்த ஆண்டு நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். காலை அங்கம் மருத்துவம், பொறியியல், நானோ தொழில்நுட்பம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், 'எஸ்.பி.எம்.மில் (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வில்) தேறாதவர்களுக்கு' என்று போட்டு, வெல்டிங். செம்பனை ஆலைகளில் குழாய் பற்றவைத்தே குடும்பம் நடத்துகிறவன் நான். கோபம் வராமல் இருக்குமா? அது கிடக்கட்டும். நானோ, வெல்டிங் இந்த இரண்டையும் பிரித்து வைத்ததே பிசகு என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நானோ ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலைகளில் பற்றவைப்பும் ஒன்று. வளைத்தாலும் உடையாத தொடுதிரைக்காக வெள்ளி நானோ கம்பிகளை வலையாகப் பரப்புகிறார்கள். ஒரு கம்பியின் தடிமன் சில பத்து நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). நம் தலைமுடியோ சுமார் 80,000. கம்பிக்குள் மின்சாரம் நன்றாகவே ஓடும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில்தான் தடை. தயாரிப்பின்போது கம்பிமேல் படிந்த, பிளாஸ்டிக் போன்ற பாலிமர்ப் படலமும் நடுவில் வந்து நிற்கும். துருவைத் தேய்க்காமல் பற்றவைத்தால் என்ன ஆகும் என்று பட்டறைப் பையன்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

சூடாக்கி ஒட்டலாமே? வெள்ளி உருக 962 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் இவ்வளவு மெல்லிய கம்பி சில நூறு டிகிரியிலேயே துண்டாகி, மணி மணியாகத் திரண்டுவிடும். அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கும் தாங்காது. 2012-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் இதற்கு விளக்கொளியைப் பாய்ச்சினார்கள். இரு கம்பிகள் குறுக்கிடும் நுண்ணிய இடுக்கில் மட்டும் ஒளி குவிந்து சூடேறும். இடுக்கு மூடியதும் சூடு தானே அடங்கும். கரண்டைக் கூட்டிக் குறைக்க ஆளே வேண்டாம். எனக்குப் பொறாமைதான்.

அதற்கும் முன்பு, 2010-இல், அமெரிக்காவில் இன்னொரு குழு 10 நானோமீட்டருக்கும் மெல்லிய தங்கக் கம்பிகளை மின்னணு நுண்ணோக்கிக்குள் தொட வைத்தது. சூடே இல்லை, அழுத்தமும் மிகக் குறைவு. சில நொடிகளில் ஒட்டிக்கொண்டன! அந்த அளவில் மேற்பரப்பு அணுக்கள் எளிதாக நகர்ந்து இடைவெளியை நிரப்பிவிடுகின்றன. இழுத்துப் பார்த்தால் ஒட்டிய இடமும் மூலக் கம்பிக்கு ஏறக்குறைய சமமான வலுவோடு இருந்தது. 2017-இல் வெள்ளிக் கம்பிகளுக்கு ஈரத்தையே பயன்படுத்தினார்கள். நீர் காயும்போது கம்பிகளை ஒன்றோடொன்று இழுத்து ஒட்டிவிடும். மூச்சுக் காற்றின் ஈரமே போதுமாம்.

பள்ளத்தை உருக்கி நிரப்பிப் பழகிய பையனுக்கு இதெல்லாம் சட்டென்று பிடிபடும். வெறும் சமன்பாடு மட்டும் படித்த பிள்ளைக்கு, ஒருமுறை முகமூடி போட்டு உலோகம் உருகிக் கலப்பதைப் பார்த்தால் பாடமே வேறாகத் தெரியும். பக்கத்தில் குலிம் ஹைடெக் பூங்கா என்ற உயர் தொழில்நுட்பத் தொழிற்பேட்டை 1996-லிருந்து இருக்கிறது. அங்கே நம் பிள்ளைகள் பலர் ஆபரேட்டர் வேலையோடு நின்றுவிடுவதற்கு நாம் போடும் இந்தப் பிரிவினையும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

எனவே ஐயா, அம்மா, இரண்டு அங்கங்களையும் ஒரு மணி நேரமாவது சேர்த்து வையுங்கள். அந்தத் தலைப்பையும் எடுத்துவிடுங்கள். யூ.எஸ்.எம்.மின் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின்) பொறியியல் வளாகம் நிபோங் தெபாலில்தான் இருக்கிறது. உலோகம் போன்ற பொருட்களைப் பற்றிய பொறியியல் (மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங்) விரிவுரையாளர் ஒருவரை அழைத்துக் கடிதம் போடுங்கள். மெஷின், முகமூடி, இரும்புத் தகடு என் பொறுப்பு. மண்டபத்தில் தீப்பொறி கூடாது என்றால் என் பட்டறையிலேயே நடத்தலாம். நாற்காலிகளை மட்டும் நீங்கள் அனுப்பிவிடுங்கள்.