அசையாத தாங்கியும் ஓர் எச்சரிக்கையே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலங்களிலும் அணைகளிலும் உணரிகளை (சென்சார்களை) பொருத்திச் சேதத்தை முன்கூட்டியே கண்டறிவது பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பொது வாசகர்களிடம் அதிகம் பேசப்படாத ஒரு துறையை எளிய தமிழில் அறிமுகப்படுத்தியதற்கு என் நன்றி. ஆயினும், விரிசல் விழுந்தவுடன் உணரியே சொல்லிவிடும், இனிமேல் பொறியாளர்கள் பாலத்துக்கு அடியில் இறங்கிப் பார்க்க வேண்டியதில்லை என்று பொருள்படும்படி அக்கட்டுரை முடிந்திருப்பது எனக்குக் கவலை அளிக்கிறது. கட்டமைப்புப் பொறியாளராகப் பல ஆண்டுகள் இத்தகைய அளவீடுகளோடு பழகியவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

எந்த உணரியும் சேதத்தை நேரடியாக அளப்பதில்லை. திரிபுமானி, தான் ஒட்டப்பட்டிருக்கும் இடத்தில் உலோகம் எவ்வளவு நீண்டது அல்லது சுருங்கியது என்பதை மட்டும் அளக்கிறது. முடுக்கமானி அதிர்வை அளக்கிறது. சாய்வுமானி சாய்வை அளக்கிறது. சேதம் என்பது அந்த எண்களிலிருந்து மனிதர் எட்டும் ஒரு முடிவு. கட்டமைப்பு நலமாக இருந்தபோது அதே இடத்தில், அதே வெப்பநிலையில், அதே சுமையில் அந்த எண் என்னவாக இருந்தது என்பது தெரிந்தால்தான் அந்த முடிவுக்கு அடிப்படை இருக்கும். கட்டுரையில் நான் தேடியும் கிடைக்காத செய்தி இதுவே.

வெப்பநிலையின் பங்கைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். எஃகின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது மீட்டருக்குச் சுமார் 0.12 மில்லிமீட்டர் நீளும்; கனரக லாரி ஒன்று கடக்கும்போது பாலத்தின் உத்திரத்தில் உண்டாகும் திரிபு (மீட்டருக்கு இவ்வளவு என்று கணக்கிடும் நீட்சி அல்லது சுருக்கம்) பெரும்பாலும் இதைவிடக் குறைவு. சுவிட்சர்லாந்தில் இடிக்கப்படவிருந்த இசட்24 என்னும் கான்கிரீட் பாலத்தை 1997, 1998 ஆண்டுகளில் ஏறத்தாழ ஓராண்டு காலம் தொடர்ந்து அளந்தார்கள். பிறகு வேண்டுமென்றே படிப்படியாகச் சேதப்படுத்தியும் அளந்தார்கள். எவரும் கை வைப்பதற்கு முன்பே, பருவ மாற்றத்தால் மட்டும் அதன் இயல்பு அதிர்வெண்கள் (தானாக அதிரும்போது பாலம் நொடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்ற எண்கள்) 10 சதவீதத்துக்கும் மேல் மாறியிருந்தன. கடும் குளிரில் மேல்தளத்தின் தார்ப்படுகை இறுகிப் பாலத்தையே விறைப்பாக்கி, அதாவது எளிதில் வளையாததாக்கி, அதிர்வெண்ணை உயர்த்தியது அதற்கு முக்கியக் காரணம்; சேதமோ அதிர்வெண்ணைக் குறைக்கும். வெப்பநிலையைப் பதிவு செய்யாமல் அந்த எண்களைப் பார்த்திருந்தால், குளிர் விட்டு அதிர்வெண் குறைந்ததையே சேதம் என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

அதிர்வை வைத்துக் கண்டறிவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதிர்வெண், விறைப்பின் வர்க்கமூலத்தைச் சார்ந்தது. பாலம் முழுவதும் சீராக 10 சதவீத விறைப்பை இழந்தாலும் அதிர்வெண் 5 சதவீத அளவே குறையும். ஓரிடத்தில் விழும் விரிசல் முழுப் பாலத்தின் விறைப்பில் எவ்வளவைத்தான் குறைத்துவிடும்? 1993இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், இடிக்கப்படவிருந்த ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் முதன்மை உத்திரத்தை நான்கு கட்டங்களாக வெட்டி அதிர்வை அளந்தார்கள். கடைசிக் கட்டத்தில் உத்திரத்தின் அடிப்பட்டை (கீழ் விளிம்புத் தகடு) முற்றிலும் துண்டிக்கப்பட்ட பின்னரே இயல்பு அதிர்வெண்ணில் தெளிவான மாற்றம் தெரிந்தது. ஆனால் உயிரைக் குடிக்கும் விரிசல் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 1967 டிசம்பர் 15 அன்று, அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றின் மேலிருந்த சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்தார்கள். தொங்கு சங்கிலியின் ஒரு கண்ணியில் இருந்த சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆழ விரிசலே அதன் தொடக்கம்.

இதனால் உணரிகள் பயனற்றவை என்று நான் சொல்வதாகத் தயவுசெய்து கொள்ள வேண்டாம். எதைத் தேடுகிறோம் என்று முன்பே தெரிந்து, அதற்கேற்ற உணரியை அதற்கேற்ற இடத்தில் வைத்தால் அவை மனிதக் கண்ணுக்கு எட்டாததையும் காட்டும். ஸ்காட்லாந்தின் ஃபோர்த் சாலைப் பாலம் இதற்கு நல்ல சான்று. 1964இல் திறக்கப்பட்ட அத்தொங்கு பாலத்தின் முதன்மை வடங்களை 2004இல் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே கம்பிகள் அரித்திருப்பதும் சில அறுந்திருப்பதும் தெரிந்தது. அதன்பின் வடங்களின் மேல் ஒலியுணரிகளைப் பொருத்தினார்கள். கம்பி அறும்போது எழும் ஒலியலை வடத்தின் வழியே பரவி, இரு பக்கத்து உணரிகளையும் வெவ்வேறு கணங்களில் அடைகிறது. அந்த நேர வேறுபாட்டிலிருந்து அறுந்த இடத்தைக் கணக்கிடலாம். கம்பி அறுவது நொடியில் நடந்து முடியும் நிகழ்ச்சி. கேட்க ஆளிருந்தால் மட்டுமே அது பதிவாகும். இங்கே உணரிக்கு நிகர் வேறில்லை.

அதே பாலத்தில் 2015 டிசம்பரில் நடந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் செய்தி முழுமையாகும். கோபுரத்தின் அருகே, தளத்தைத் தாங்கும் எஃகுச் சட்டகத்தின் கடைசி இணைப்பில் பெரிய விரிசல் இருப்பதைக் கண்டு, மாதத்தின் பெரும்பகுதிக்குப் பாலத்தை மூடினார்கள். அதைக் கண்டுபிடித்தவர்கள் ஆய்வுக்குச் சென்ற மனிதர்கள். வடத்தைக் கேட்டுக்கொண்டிருந்த உணரிகள் சட்டகத்தின் இணைப்பைப் பற்றிச் சொல்ல வழியில்லை. சுழல வேண்டிய ஒரு முளை இறுகிப்போனதால், வளையக் கூடாத உறுப்பு வளைந்து வளைந்து சோர்ந்து பிளந்தது.

இறுகிப்போவது என்றதும் என் அனுபவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. எஃகுப் பாலம் ஒன்றின் தாங்கிகளில், அதாவது தூணின் மேல் அமர்ந்து பாலம் நீண்டு சுருங்க இடம் தரும் உறுப்புகளில், நகர்வுமானிகள் பொருத்தப்பட்டிருந்தன. ஆண்டறிக்கையில் அவற்றுள் ஒன்றைப் பற்றி, "அளவீட்டில் மாற்றம் இல்லை, நிலை திருப்தி" என்று எழுதப்பட்டிருந்தது. மற்ற தாங்கிகள் பகலில் நீண்டு இரவில் சுருங்கும் பாலத்தோடு சேர்ந்து தினமும் மில்லிமீட்டர் கணக்கில் நகர்ந்துகொண்டிருந்தன. நகர வேண்டிய தாங்கி நகரவில்லை என்றால், ஒன்று மானி கெட்டிருக்க வேண்டும், அல்லது தாங்கி துருவேறிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நேரில் போய்ப் பார்த்தபோது தாங்கிதான் பிடித்திருந்தது. எச்சரிக்கை வரம்பை எண் தாண்டினால் மட்டும் மணி அடிக்கும்படி அமைத்திருந்ததால், பல மாதங்கள் மணியே அடிக்கவில்லை. அந்த அறிக்கையில் நானும் கையொப்பமிட்டிருந்தேன் என்பதை இன்றும் வருத்தத்தோடு நினைத்துக்கொள்கிறேன். வெப்பநிலையையும் நகர்வையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்திருந்தால், முதல் வாரத்திலேயே கண்ணில் பட்டிருக்கும்.

ஆகவே, புதிதாகக் கட்டப்படும் பாலங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. திறப்பு விழாவுக்கு முன், எடை தெரிந்த லாரிகளை நிறுத்திச் சுமைச் சோதனை செய்யும் நாளிலேயே உணரிகள் வேலை செய்யத் தொடங்கியிருக்க வேண்டும். முதல் ஓராண்டின் வெயிலும் குளிரும் காற்றும் மழையும் முழுமையாகப் பதிவாக வேண்டும். விரிசல் தெரிந்த பிறகு பொருத்தும் உணரி அந்த விரிசல் வளர்கிறதா என்பதைக் காட்டும், அது மிகவும் பயனுள்ளதே. ஆனால் நலமாக இருந்த காலத்தை அதனால் மீட்டுத் தர முடியாது. உணரியின் ஆயுளும் பாலத்தின் ஆயுளும் ஒன்றல்ல என்பதையும் திட்டமிடும்போதே எண்ண வேண்டும். நூறாண்டு நிற்க வேண்டிய பாலத்தில் ஒட்டும் பசையும் கம்பியும் மின்னணுக் கருவியும் பலமுறை மாற்றப்படும். ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய பதிவும் புதிய பதிவும் ஒட்டிப்போகும்படி சில காலம் இரண்டையும் சேர்த்து ஓட்ட வேண்டும். இதற்கான செலவு பராமரிப்பு ஒப்பந்தங்களில் இடம்பெறாமல் போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

தங்கள் இதழ் இப்பொருள் பற்றி மீண்டும் எழுதும்போது, எத்தனை உணரிகள் பொருத்தப்பட்டன என்பதோடு நிறுத்தாமல், அந்தப் பதிவுகளை வாரந்தோறும் பார்ப்பவர் யார், போக்குவரத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டா என்பதையும் பொறுப்பிலிருப்பவர்களிடம் கேட்டு வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர்