கொலை நடந்த வீட்டுப் பிள்ளைங்க யார்கிட்ட பேசுவாங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

சேலத்துல ஒரு கொலை விழுந்தா மறுநாள் பேப்பர்ல முன்விரோதம், சரமாரி வெட்டு, தனிப்படைன்னு வருது, ரெண்டு நாள் கழிச்சு கோர்ட்ல சரண்டர்னு வரும், அதோட முடிஞ்சுது. அந்த வீட்டுல பத்தாவதோ பன்னெண்டாவதோ படிக்கிற புள்ளை என்ன ஆச்சுன்னு யாரும் திரும்பிப் பாக்கறதில்ல. நான் அம்மாப்பேட்டைல இருந்து எழுதறேன், எங்க அண்ணன் வெட்டுப்பட்டுப் போனதுல இருந்து அவர் பையன் எங்க வீட்டுலதான் இருக்கான்.

வியாதில போன அப்பாவுக்கு அழறதும் வெட்டுப்பட்டு செத்த அப்பாவுக்கு அழறதும் ஒண்ணில்லைங்க. போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சு பாடி வர்ற வரைக்கும் ஜிஹெச் வாசல்ல கிடக்கணும், யாரோ எடுத்த வீடியோ கூடப் படிக்கிற பசங்க போன்லயே ஓடும், கருமாதி பந்தியில ஒரு பெருசு "நீ ஆம்பளப்புள்ள, மறந்துடாத"ன்னு காதுல போட்டுட்டுப் போவாரு (சோறு போட்டிருக்கவே கூடாது அந்த ஆளுக்கு). அப்புறம் வாய்தா வாய்தாவா கேஸ் இழுக்கும். வருசா வருசம் குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கைக்கு மொத ஆளா எடம் புடிக்கிறவன் இந்த ஆடில கூப்பிட்டா, "கூட்டத்துல பின்னாடி யாரு நிக்கறாங்கன்னு தெரியாது அத்தை"ன்னுட்டான்.

டாக்டர்கிட்ட தனியா கூட்டிட்டுப் போனோம், நல்லவருதான், ஆனா இவன் வாயே தொறக்கல. மனநல உதவி எண் 14416க்கு போன் பண்ணா ராத்திரி பகல் எப்பவும் பேசறாங்க, அதுவும் நல்லதுதான். ஆனா இவனுக்கு வேணுங்கறது இதே மாதிரி வீட்டுல கொலை நடந்த இன்னும் நாலஞ்சு பசங்க. குரூப் தெரபிங்கறது சும்மா உக்காந்து அழற கூட்டம் இல்லைங்க, வாராவாரம் அதே பசங்க, அதே ரெண்டு கவுன்சிலர், பேச இஷ்டம் இல்லைன்னா கம்முனு இருக்கலாம், பழி வாங்கணும்னு தோணுதுன்னு சொன்னாக்கூட யாரும் அதிர்ச்சியாக மாட்டாங்க, பக்கத்துல இருக்கிறவன் "எனக்கும்தான்"னுவான். போஸ்னியால 1995ல சண்டை நின்னப்புறம் ஹைஸ்கூல் பசங்களுக்கு ஸ்கூல்லயே இப்படி குரூப் வெச்சு நடத்துனாங்க, நடத்துனவங்க அந்த ஸ்கூல் கவுன்சிலருங்கதான். அங்க முடிஞ்சது இங்க முடியாதா?

பையன் கேஸ்ல சாட்சி, வெளிய பேசக்கூடாதுன்னு எங்க வக்கீல் சொன்னாரு. அது நியாயமான பயம்தான். ஆனா சாட்சியா இருக்கிற பசங்க கூண்டுல சொல்லவேண்டியத குரூப்புல கேக்காம, தூக்கம் வருதா, ஸ்கூல்ல என்ன கேக்கறாங்க, அப்பாவப்பத்தி நல்லதா என்ன ஞாபகம் இருக்குன்னு பேச வைக்கலாம்ல, அதுக்கு எந்த கேஸ் கெடும்?

ஜிஹெச் மனநலப் பிரிவும் மாவட்ட மனநலத் திட்டத்துக்காரங்களும் சேர்ந்து சனிக்கெழமைல ஏதாவது ஒரு கவர்மெண்ட் ஸ்கூல்ல இத ஆரம்பிக்கட்டும். ஓபி வரிசைல நிக்க வெச்சா ஒரு புள்ளையும் வராது, பைத்தியம்னு பேரு கட்டிருவாங்க. ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் காப்பி குடுக்கறப்பவே குரூப் எங்க, எப்பன்னு ஒரு சீட்டும் சேத்துக் குடுத்தா போதும்.

உங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், கொலை நியூஸ் போடறப்ப பிள்ளைங்க பேரையும் படிக்கிற ஸ்கூலையும் தயவு செஞ்சு போடாதீங்க.

இப்படிக்கு,
ஒரு அத்தை,
அம்மாப்பேட்டை, சேலம்.