தாய் மீனுக்கு என்ன தீனி போடுகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுத் தொட்டியில் யப்பான் மீன் (திலாப்பியா) வளர்ப்பது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். தொட்டி கட்டுவது, தண்ணீர் மாற்றுவது எல்லாம் நல்ல விளக்கம். தீனியைப் பற்றி மட்டும் ‘புரதம் 30 வீதம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்தப் புரதம் எதிலிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வளவில் இரண்டு சீமெந்துத் தொட்டிகள் இருக்கின்றன. யப்பான் மீன் முட்டையை வாய்க்குள் வைத்து அடைகாக்கும். தாய் மீனைப் பிடித்து மெல்ல வாயைத் திறந்தால் மஞ்சள் முத்துகள் போல முட்டைகள் உருண்டு வரும். சென்ற வருடம் அப்படித் திறந்து பார்த்தபோது பாதிக்கு மேல் வெள்ளையாக, கருக்கட்டாமல் கிடந்தன. தண்ணீரும் சரி, மீனும் பழைய மீன்தான். தீனி மட்டும் மாறியிருந்தது. அதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

மீன்தூள் விலை ஏற ஏற, தீனியில் அதன் இடத்தைச் சோயா பிடித்துவிட்டது. சோயாவில் ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் என்று இரண்டு பொருட்கள் இருக்கின்றன. பெண் ஹோர்மோனான ஈஸ்திரோஜன் சாவி போலப் பொருந்தும் உடம்பின் பூட்டில் இவையும் ஓரளவு பொருந்திவிடும். ஈஸ்திரோஜன் கிடைத்தால் மீனின் ஈரல் முட்டையின் மஞ்சள் கருவுக்கான புரதத்தைச் செய்யும். ஆண் மீனின் ஈரலுக்கும் அந்த வேலை தெரியும், சாதாரணமாகச் செய்வதில்லை, அவ்வளவுதான். பிரான்சில் வளர்ப்பு ஸ்டர்ஜன் மீன்களுக்குச் சோயாத் தீனி கொடுத்தபோது ஆண் மீன்களின் இரத்தத்திலும் அந்தப் புரதம் இருந்ததை 1991இல் எழுதியிருக்கிறார்கள். முட்டையே போடாத உடம்பில் அது அளவுக்கு மிஞ்சினால் ஈரலும் சிறுநீரகமும்தான் பாடுபடும்.

இது மீனோடு நிற்கும் கதையும் அல்ல. 1940களில் மேற்கு அவுஸ்திரேலியாவில் ஒருவகைக் குளோவர் புல்லை மேய்ந்த செம்மறிகள் சினைப்படாமல் போயின. அந்தப் புல்லிலும் இதே இனப் பொருட்கள்தான். யப்பான் மீன் குஞ்சுகளுக்கு மூன்று நான்கு கிழமை தீனியில் ஹோர்மோன் கலந்து கொடுத்தே எல்லாவற்றையும் ஆணாக்குகிறார்கள். தீனி வழியாக இவ்வளவு செய்யலாம் என்று தெரிந்த தொழிலில், தீனிக்குள் தானாக இருக்கும் பொருளை எப்படிக் கவனிக்காமல் விடுவது?

‘அவித்தால் போய்விடும்’ என்று பலர் சொல்கிறார்கள். அவித்தால் போவது செரிமானத்தைத் தடுக்கும் வேறொரு பொருள். ஜெனிஸ்டீன் சூட்டுக்கு அசையாது. மதுசாரத்தால் கழுவி எடுத்த சோயாப் புரதத்தில் இது மிகக் குறைவு, ஆனால் விலை கூட.

சோயாவை விட்டு இலைகுழைக்குப் போகலாம் என்பவர்களும் கவனிக்க வேண்டும். மாட்டுக்கு ஒடிக்கும் இப்பில் இப்பில் இலையில் மிமோசின் இருக்கிறது, மாட்டின் தைரொயிட்டைக் கெடுக்கும் பொருள் அது. பிலிப்பைன்சில் அந்த இலைத்தூளைத் தாய் மீன்களின் தீனியில் 40 வீதம், 80 வீதம் என்று ஏற்றியபோது குஞ்சுகள் குறைந்தன. பப்பாசி விதை இன்னும் மோசம். யப்பான் மீன் பெருகாமல் இருக்க வேண்டுமென்றே அதை அரைத்துக் கொடுத்துப் பரிசோதித்திருக்கிறார்கள்.

சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம், சோயாவை நாங்களே கறி வைத்துச் சாப்பிடுகிறோம். ஆறு மாதத்தில் பிடித்து விற்கும் மீனுக்குச் சோயாத் தீனி போடுவதையும் நான் குறை சொல்லவில்லை. என் கவலை தாய் மீனும், பொரித்து ஒரு மாதம் ஆகாத குஞ்சும்தான். அவற்றுக்கான தீனிப் பையில் சோயா எத்தனை வீதம் என்று தமிழில் அச்சிட வேண்டும். குஞ்சு விற்கும் நிலையங்களும் தாய் மீனுக்கு என்ன போடுகிறோம் என்று வாங்க வருபவர்களிடம் சொல்ல வேண்டும். மீன் வளர்ப்பை ஊக்குவிக்கும் அதிகாரிகள் இதைக் கட்டாயமாக்கினால் எங்களைப் போன்ற சிறு ஆட்களுக்குப் பெரிய உதவி.

இப்போது நான் தாய் மீன்களுக்குச் சூடைக் கருவாட்டை இடித்து, தவிட்டோடு பிசைந்து உருட்டிப் போடுகிறேன். செலவு கூடத்தான். அடுத்த முறை வாயைத் திறந்து பார்க்கும்போது எப்படி இருக்கிறது என்று உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மீன் வளர்க்கும் வாசகர்,
வடமராட்சி, யாழ்ப்பாணம்.