முதுகுக்குக் கீழே கைவிட்டுப் பார்க்க ஆள் வேண்டும்

தமிழ்நாடு அரசு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் சென்னையில் அரசு மருத்துவமனைகளில் 31 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நைட் டியூட்டியில் ஒரு வார்டுக்கு எத்தனை செவிலியர் இருக்கிறார்கள் என்பதைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், சர்ஜரி வார்டு. காலை 7 மணிக்கு நைட் சிஸ்டரிடம் ஹேண்டிங் ஓவர் வாங்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது கட்டிலில் முந்தின நாள் ஆபரேஷன் ஆன ஒரு அம்மா. வயிற்றுக் கட்டு வெள்ளையாக, காய்ந்து இருந்தது. அப்படியே நோட்டில் எழுதப் போனேன். எங்கள் சீனியர் சிஸ்டர் போர்வையை விலக்கி, அந்த அம்மாவின் இடுப்புக்குக் கீழே உள்ளங்கையை நுழைத்து எடுத்தார். கை முழுக்க ரத்தம். கழிவு ரத்தம் வடிய விலாப் பக்கத்தில் வைத்திருந்த டிரெயின் குழாய் ஓரமாகக் கசிந்து முதுகுக்கு அடியில் தேங்கியிருந்தது. "மேலே பார்த்துட்டு எழுதாதே பாப்பா, ரத்தம் கீழேதான் இறங்கும்" என்றார். சிறிது நேரத்தில் அந்த அம்மாவைத் திரும்பவும் தியேட்டருக்குக் கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டார். நடந்தேதான் வீட்டுக்குப் போனார்.

அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை, ஆபரேஷன் ஆன எந்த நோயாளியையும் முதுகுக்குக் கீழே கைவிட்டுப் பார்க்காமல் நான் சார்ஜ் எடுத்ததில்லை. என்னிடம் பழகிய பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். யூரின் பையில் எத்தனை மில்லி, டிரிப்ஸ் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று வாட்சைப் பார்த்து எண்ணுவது, ஊசி போட்ட கையில் வீக்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது, எல்லாமே கட்டில் ஓரத்தில் நின்று ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வந்தவைதான். புத்தகத்திலும் இருக்கிறது, உண்மைதான். ஆனால் படித்தது கைக்கு வர, பக்கத்தில் ஒரு மூத்த சிஸ்டர் நிற்க வேண்டும்.

இந்தத் தொடர்ச்சி நம் ஊரில் நீளமானது. சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே இருக்கும் பெரியாஸ்பத்திரியில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. நாட்டிலேயே மிகப் பழைய பயிற்சி இடங்களில் அதுவும் ஒன்று. 1926இல் சென்னை மாகாணத்தில் செவிலியர்களையும் பேறுகால உதவியாளர்களையும் பதிவு செய்ய ஒரு சட்டமே வந்தது. படித்துப் பதிவு செய்தவர்தான் நோயாளியைத் தொட வேண்டும் என்று அன்றைக்கே நினைத்திருக்கிறார்கள்.

சரி, இப்போது ராத்திரி வார்டுக்கு வருவோம். நான் கடைசியாக வேலை பார்த்த மருத்துவமனையின் பெயர் வேண்டாம். மெடிசின் வார்டில் கட்டிலிலும் தரையிலுமாக 60 பேர். நைட்டில் நாங்கள் இரண்டு பேர். அந்த 60 பேரில் பக்கவாதம் வந்து அசைய முடியாமல் கிடந்தவர்கள் பத்துப் பேர் என்று வையுங்கள். படுக்கைப் புண் வராமல் இருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மாலை 7 முதல் காலை 7 வரை ஒருவருக்கு 6 முறை. பத்துப் பேருக்கு 60 முறை. புரட்டி, முதுகைத் துடைத்து, தலையணை வைத்துச் சாய்க்க 6 நிமிடம் என்றாலும் மொத்தம் 6 மணி நேரம். ஒரு ஆளைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். அப்படியென்றால் பாதி ராத்திரிக்கு இரண்டு சிஸ்டர்களுமே அந்தப் பத்துப் பேரிடம்தான். மீதி 50 பேருக்கு ஊசி யார் போடுவது, 12 மணிக்கு மூச்சுத் திணறலோடு வந்து இறங்குகிறவரை யார் பார்ப்பது?

அதனால் புரட்டவில்லை. ஒரு பெரியவருக்கு முதுகின் அடிப்பகுதியில் முதலில் சிவந்தது, நாலாவது நாள் தோல் உரிந்தது, அப்புறம் எலும்பு வரைக்கும் குழி விழுந்தது. அவர் மகள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "நீங்க ரெண்டு பேர் என்ன பண்ணுவீங்க சிஸ்டர்" என்றாள். இன்றும் அது எனக்கு ஆறவில்லை.

பயிற்சி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்ற பொது மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் கணக்கு. உங்களுக்குத் தெரியாததில்லை. பற்றாக்குறையை நிரப்ப 2015இல் எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுத்தீர்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் போராட்டமாக உட்கார வேண்டியதாயிற்று. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத பிள்ளை, எப்படிப் பத்து வருடம் நின்று அடுத்தவளுக்குக் கற்றுக் கொடுப்பாள்?

நான் கேட்பது இதுதான். காலியிடங்களை நிரந்தரப் பணியாளர்களைக் கொண்டு நிரப்புங்கள். நர்சிங் மாணவிகளை ஆள் கணக்கில் சேர்க்காதீர்கள், அவர்கள் படிக்க வந்தவர்கள். ஷிஃப்ட் மாறும்போது இரண்டு ஷிஃப்ட் செவிலியரும் சேர்ந்து கட்டில் கட்டிலாகப் போக அரை மணி நேரத்தை டியூட்டி நேரமாகவே எழுதிக் கொடுங்கள். இன்னொன்று, இதற்குப் பெரிய செலவில்லை: ஒவ்வொரு வார்டு வாசலிலும் ஒரு பலகை மாட்டி, இன்று ராத்திரி எத்தனை நோயாளி, எத்தனை செவிலியர் என்று எழுதச் சொல்லுங்கள். கூட இருக்கும் அட்டெண்டர்கள் படிக்கட்டும், ரவுண்ட்ஸ் வரும் டீன் படிக்கட்டும், நீங்களும் படியுங்கள்.

முதல் பலகையைப் பெரியாஸ்பத்திரியிலேயே மாட்டலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
சென்னை