“ஒரு தடவை குட்டி போட்டால் அடங்கிவிடும்” என்று சொல்லும் மருத்துவர்களுக்கு

நாய், பூனைகளுக்கு நடுவே எப்போதாவது ஒரு முயலையும் பார்க்க நேர்கிற கால்நடை மருத்துவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் மல்லி என்றொரு பெண் முயல் இருக்கிறாள். கருப்பையை எடுக்கும் கருத்தடை அறுவையை அவளுக்குச் செய்யத்தான் ஒரு மருத்துவரைத் தேடுகிறேன். கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டால் எந்த மூலையில் இருந்தாலும் ஓடிவருவாள், அதனால் அந்தப் பெயர். நாலரை மாதம் வரை மடியில் சுருண்டு கிடந்தவள், ஐந்தாம் மாதத்தில் ஆளே மாறிப்போனாள். கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டினால் உறுமிக்கொண்டு முன்னங்காலால் அடிப்பாள். மெத்தையில் மூத்திரம். ஒரு நாள் காலையில் பார்த்தால், நெஞ்சு மயிரைப் பிய்த்து, மிதியடியிலிருந்து உருவிய தேங்காய் நாரோடு சேர்த்து, செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் கூடு கட்டி வைத்திருக்கிறாள். வீட்டில் ஆண் முயலே கிடையாது. “இந்தக் கதையை யார்கிட்ட போய்ச் சொல்றது” என்றார் என் மாமியார்.

வயிற்றில் குட்டி இல்லாமலே சினையானதுபோல உடம்பு நடந்துகொள்ளும் பொய்ச்சினை இது என்று பிறகு தெரிந்துகொண்டேன். நாய்க்கு வருவதுபோல முயலுக்கு முறை வைத்துப் பருவம் வருவதில்லை. இணை சேர்ந்து சுமார் 10 மணி நேரம் கழித்துத்தான் கருமுட்டை வெளியாகும். இன்னொரு பெண் முயல் மேலே ஏறினாலும் அது நடக்கலாம், எதுவுமே இல்லாமலும் நடக்கலாம். நிஜச் சினை 31 நாள் என்றால், இந்தப் பொய்ச்சினை 16 முதல் 18 நாளில் முடிந்துவிடும். உங்களுக்கு இது பாடம். எனக்கோ ராத்திரியில் உட்கார்ந்து படித்த அரைகுறை. ஆனால் மல்லியைத் தூக்கிக்கொண்டு போன இரண்டு இடங்களிலும் ‘பொய்ச்சினை’ என்ற சொல்லே யார் வாயிலிருந்தும் வரவில்லை. “ஆண் முயலோடு ஒரு தடவை சேர்த்து விடுங்கம்மா, குட்டி போட்டா அடங்கிடும்” என்றுதான் சொன்னார்கள்.

அடங்காது, டாக்டர். குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினைப்படக்கூடிய பிராணி இது. ஆணைக் கூடவே விட்டால் அடுத்த மாதம் இன்னொரு ஈத்து. இரண்டு படுக்கையறை வாடகை வீட்டில் அவற்றையெல்லாம் எங்கே வைப்பது?

மல்லிக்கு முன்னால் எங்களிடம் இருந்தவளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்கு நான்கு வயது தாண்டியபோது மூத்திரத்தில் சிவப்பு தெரிந்தது. தின்கிற கீரையின் நிறமியால் முயல் மூத்திரம் ஆரஞ்சாகவும் சிவப்பாகவும் போவது சகஜம் என்பது எனக்கும் தெரியும். நிறமியா ரத்தமா என்று பார்க்க ஒரு பரிசோதனைப் பட்டை போதும். அதை யாரும் செய்யவில்லை. சிறுநீர்த் தொற்று என்று இரண்டு மாதம் மருந்து கொடுத்தோம். கடைசியில் மூச்சு வாங்க ஆரம்பித்தபோது எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கக் கட்டிகள். கருப்பையில் தொடங்கிய புற்று அங்கே வரை பரவியிருந்தது.

நீங்கள் இதை அதிகம் பார்த்திருக்கமாட்டீர்கள், அதற்குக் காரணமும் உண்டு. நம் ஊரில் முயல் என்றால் பண்ணை. கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமே இறைச்சி முயல் வளர்க்கிறது. பண்ணையில் பெண் முயல் ஈனும் வரைக்கும்தான் இருக்கும், ஈத்து குறைந்ததும் கழித்துவிடுவார்கள். இந்தப் புற்று தலைகாட்டுகிற வயதுவரை அங்கே யாரும் வைத்திருப்பதில்லை. எங்கள் வீடுகளில்தான் முயல் எட்டு, பத்து வயதுவரை இருக்கிறது. குட்டி போட்டவள், போடாதவள் என்று இந்த நோய் பேதம் பார்ப்பதாகவும் தெரியவில்லை.

அதற்காக ‘கருத்தடை செய்யாவிட்டால் 80 சதவீதம் புற்று’ என்று மிரட்டுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அந்த எண் பழைய ஆய்வக முயல் கூட்டம் ஒன்றில், அதுவும் வயதான முயல்களில் கண்டது. எல்லா இனத்துக்கும் அப்படியே பொருந்தாது. மயக்க மருந்தும் விளையாட்டில்லை. பிரிட்டனில் 2008-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், ஆரோக்கியமான நாய்களில் மயக்க மருந்தை ஒட்டிய சாவு 0.05 சதவீதம், ஆரோக்கியமான முயல்களில் 0.73. புற்று அபாயத்தையும் மயக்க மருந்து அபாயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னால் நாங்களே யோசித்து முடிவெடுத்துக்கொள்வோம். அறுவை செய்தால் எல்லாக் கோபமும் போய்விடும் என்றும் சொல்ல வேண்டாம். சின்னக் கூண்டில் நாளெல்லாம் அடைபட்டவள் கருப்பை போனாலும் கடிக்கத்தான் செய்வாள்.

என்னைப் பயமுறுத்தியது ஒரு தொலைபேசி பதில்தான். அறுவைக்கு நாள் கேட்டபோது, “முந்தின நாள் ராத்திரியிலிருந்து பட்டினி போடுங்க” என்றார்கள். மயக்கத்தில் வாந்தி வரக்கூடாது என்றுதான் நாயைப் பட்டினி போடுவது, முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. அதன் குடல் ஓடிக்கொண்டே இருந்தாக வேண்டும், நின்றால் அதுவே ஆளைக் கொல்லும். நாய்க்கு எழுதி வைத்த அட்டையை முயலுக்கும் அப்படியே படிக்கிறார்கள் என்று தோன்றியது. நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அதனால் இதுவரை எத்தனை முயல்களுக்குக் கருப்பை எடுத்திருக்கிறீர்கள், அதில் எத்தனை பிழைத்தன என்று கேட்டால் கோபப்படாதீர்கள். வலி மருந்து எத்தனை நாளுக்குத் தருவீர்கள் என்று கேட்பேன். மயக்கம் தெளிந்த பிறகு புல் தின்று புழுக்கை போட்டாளா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவீர்களா என்றும் கேட்பேன். வாய்வழி அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் சீட்டில் இருந்தால் வாங்கமாட்டேன். அது முயலின் குடலை எப்படிக் கெடுக்கும் என்று உங்களுக்கே தெரியும். செய்து பழக்கமில்லை என்றால் பழக்கமில்லை என்றே சொல்லிவிடுங்கள். உங்கள் மேல் மரியாதை கூடுமே தவிரக் குறையாது. தெரிந்தவர் பெயரைச் சொன்னால் பஸ் ஏறிப் போய்க்கொள்கிறோம். “ஐந்நூறு ரூபா முயலுக்கு இவ்வளவு செலவா” என்ற சிரிப்பை மட்டும் விட்டுவிடுங்கள். அதைச் சொல்ல எங்களுக்குச் சொந்தக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள்.

மல்லிக்கு இப்போது ஒன்றே கால் வயது, எடை 1.8 கிலோ. வெயில் ஏறுவதற்குள், தை மாதத்தில் முடித்துவிட நினைக்கிறோம். மேலே கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிற ஒரு மருத்துவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
மல்லி வீட்டு அம்மா,
சென்னை