'யார் சொன்னது' என்ற கட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

தண்ணீர் புகுந்து புத்தகமெல்லாம் நனைந்த எங்கள் வீடு ஒருவழியாகக் காய்ந்துவிட்டது. என்ன நடந்தது என்று திரும்ப எழுதப்போவதில்லை. உங்களில் பாதிப் பேர் எங்களோடு தண்ணீரில் நின்றவர்கள், மீதிப் பேரிடம் அன்றிரவே போனில் அழுது தீர்த்துவிட்டேன். இந்த மடல் நன்றி சொல்ல மட்டும்தான். கொஞ்ச நாள் போனால் மனசு ஆறிவிடும், அப்புறம் எழுதினால் அது வெறும் மரியாதைக் கடிதமாகிவிடும். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. அலமாரியிலிருந்து மாடிப்படி வரை வரிசையாக நின்று புத்தகங்களைக் கைமாற்றிக் கொடுத்தவர்கள், பழைய பேப்பரைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போட்டவர்கள், பைபையாகத் தங்கள் வீட்டுக்கு எடுத்துப்போய் ஃபேனுக்கடியில் ஏடுகளை விரித்து நிறுத்தியவர்கள், எங்களுக்குப் படுக்க இடம் கொடுத்தவர்கள், எல்லோருக்கும். "வெயில்ல போடு, ஒரே நாள்ல காய்ஞ்சிடும்" என்று சொன்னவர்களுக்கும் நன்றி, ஆனால் போடவில்லை. நேர் வெயிலில் தாள் முறுக்கிக்கொள்ளும், நிறமும் வெளுக்கும். நிழலும் காற்றோட்டமும்தான் சரி.

மாடிவீட்டு அக்காவைத் தனியாகச் சொல்ல வேண்டும். நனைந்த புத்தகத்தில் இரண்டு மூன்று நாளிலேயே பூஞ்சணம் பிடிக்க ஆரம்பித்துவிடும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் விரித்துப் போட இடம் ஏது? ஈரத்தோடு பாலித்தீன் பையில் சுற்றி உறையவைத்துவிட்டால் பூஞ்சணம் அப்படியே நின்றுவிடும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவைத்துக்கொள்ளலாம். பெரிய நூலகங்களும் முதலில் உறையவைக்கத்தான் செய்கின்றன. அவர்களிடம் பனியை நேராக ஆவியாக்கிவிடும் வெற்றிட இயந்திரம் இருக்கும். நமக்கு அக்காவின் ஃப்ரீசர். "ஐஸ் எடுக்கப் போனா இலக்கியம் வருது" என்று அவர் வீட்டுக்காரர் அலுத்துக்கொண்டாராம். சார், கடைசிப் பையையும் எடுத்தாயிற்று.

ராத்திரி தூக்கம் வராமல் ஏடுகளைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தபோது, நம்மைப் போல் மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். 1966 நவம்பரில் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகருக்குள் ஆர்னோ ஆறு புகுந்தபோது, சேற்றிலிருந்து புத்தகங்களை மீட்க எங்கெங்கிருந்தோ இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களை 'சேற்றுத் தேவதைகள்' என்று இன்றைக்கும் அந்த ஊர் நினைவில் வைத்திருக்கிறது. 1988 பிப்ரவரியில் ரஷ்யாவின் லெனின்கிராட் (இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நகரின் அறிவியல் அகாதமி நூலகம் தீப்பிடித்தது. லட்சக்கணக்கில் புத்தகங்கள் எரிந்தன. அதைவிடப் பல மடங்கு, தீயை அணைக்க அடித்த தண்ணீரில் நனைந்தன. நகரத்து ஜனங்கள் அந்த ஈரப் புத்தகங்களைத் தங்கள் வீடுகளுக்கு எடுத்துப்போய்க் காயவைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். நீங்கள் எங்களுக்குச் செய்ததும் அதுவேதான். அதைப் படித்தபோது உங்கள் முகங்கள்தான் கண்முன் வந்தன.

சரி, இப்போது நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். இந்த மடலே அதற்காகத்தான்.

எங்கள் வீட்டுப் பட்டியல் நோட்டை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். காலிகோ அட்டை போட்ட நீளமான நோட்டு. படிக்க வேண்டிய புத்தகங்களை அதில் எழுதி வைப்போம். மூன்று கட்டம்: புத்தகம், எழுதியவர், யார் சொன்னது. அப்பா ஆரம்பித்தது. அப்புறம் அம்மா, நான், என் வீட்டுக்காரர், பிள்ளைகள் என்று எல்லோரும் கைவைத்துவிட்டோம். ராத்திரி ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்பது எங்கள் வீட்டுப் பழக்கம். படித்ததில் வேறு புத்தகத்தின் பேர் ஒன்று வந்துவிட்டால் போதும், மகன் எழுந்துபோய் நோட்டில் ஏற்றிவிட்டு வருவான். ஒன்று முடிந்தால் மூன்று சேரும். நூலகம் என்பது வளரும் உயிர் என்று நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல், நூலகங்களுக்கான தன் ஐந்து விதிகளில் ஐந்தாவதாக எழுதினார். எங்கள் வீட்டில் நூலகம் வளர்கிறதோ இல்லையோ, நோட்டு வளரும்.

அந்த நோட்டு போய்விட்டது என்றுதான் நினைத்தோம். வாசலில் குவித்து வைத்திருந்த கழிவில் அதுவும் போயிருக்க வேண்டும். பிள்ளைகளின் படப்புத்தகங்கள் அங்கேதான் கிடந்தன. வழவழப்பான தாளின் மேல்பூச்சு, நனைந்து காய்ந்தால் பசையாகிப் பக்கத்தோடு பக்கம் பிடித்துக்கொள்ளும். ஈரத்திலேயே ஒவ்வொரு தாளாகப் பிரித்திருக்க வேண்டும். எங்கே நேரம் இருந்தது?

அடுத்த வாரம், மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்க வந்த தம்பி வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை.

"அக்கா, இது உங்க வீட்டோடதா பாருங்க."

நோட்டு. சணல் போட்டுக் கட்டியிருந்தது. அட்டை கொஞ்சம் வளைந்திருந்தது, அவ்வளவுதான்.

"தூக்கிப் போட வச்சிருந்ததுல கெடந்துச்சு. அச்சுப் புத்தகமா இருந்தா விட்டிருப்பேன், கடையில வாங்கிக்கலாம். இது கையெழுத்து. அதும் நாலஞ்சு பேரு எழுதின மாதிரி இருந்துச்சு. யாராவது தேடுவீங்கன்னு எடுத்துட்டுப் போனேன்."

பிரித்துப் பார்த்தேன். ஏட்டுக்கு ஏடு நடுவில் ஒரு வெள்ளைத் தாள். தன் பிள்ளையின் போன வருஷ நோட்டில் மிச்சமிருந்த எழுதாத பக்கங்களைக் கிழித்து வைத்திருக்கிறார். நியூஸ் பேப்பர் வைத்தால் மை ஒட்டும் என்று அதைத் தொடவில்லை. தாள் ஈரத்தை உறிஞ்சியதும் எடுத்துவிட்டு வேறு தாள் வைத்து, பாதிக்குமேல் காய்ந்ததும் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, மேலே பழைய மோட்டார் மூடியைத் தூக்கி வைத்தாராம். "சிரிக்காதீங்கக்கா, வீட்ல கனமா அதுதான் இருந்துச்சு." இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எங்க பொழப்பே தண்ணியிலதானே. பில் புக்கு நனையாத மாசம் கெடையாது. காயவச்சுக் காயவச்சுப் பழகிருச்சு."

அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு, "நடுவுல சில தாளு ஒட்டிக்கிச்சு. லேசா இழுத்துப் பார்த்தேன், கிழியற மாதிரி இருந்துச்சு. விட்டுட்டேன்" என்றார்.

அவர் செய்ததிலேயே எனக்குப் பெரிதாகப் படுவது இந்த விட்டுவிட்டதுதான். உதவி செய்ய வந்த எவருக்கும் கை சும்மா இருக்காது. எனக்கும் இருக்காது. ஒட்டிய ஏட்டை இழுத்துப் பார்க்காதே என்பது புத்தகம் பழுதுபார்ப்பவர்களின் பாலபாடம். இவர் அதை யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை, விரலுக்கே தெரிந்திருக்கிறது. அன்றைக்கு மோட்டாருக்கான கூலியைப் பேசியபடி வாங்கிக்கொண்டார். இதற்கு எவ்வளவு என்று கேட்டதற்கு, "இது வேலை இல்லியேக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். அடுத்து எங்கேயோ தண்ணீர் நின்றுகொண்டிருந்தது.

தம்பி, நீங்கள் இதைப் படிக்கிறீர்களோ இல்லையோ. உங்கள் முதலாளி மூலமாகவாவது இது உங்கள் கைக்கு வரும்படி செய்வேன்.

நோட்டில் என்ன பிழைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். பால்பாயிண்ட் பேனாவில் எழுதியவை அப்படியே இருக்கின்றன. அந்த மை எண்ணெய்ப் பசை கலந்தது, தண்ணீருக்கு அசைந்து கொடுக்கவில்லை. மகள் ஸ்கெட்ச் பேனாவில் எழுதியது கலைந்துவிட்டது. எழுத்துக்கூட்டிப் பார்த்தால் ஒன்று மட்டும் தெரிகிறது: புத்தகம், 'நீலக் கதவு போட்ட அட்டை', யார் சொன்னது, 'நானே'. அப்பா இங்க் பேனாதான் பிடிப்பார், அதனால் அவர் பக்கங்கள் முழுக்க வெறும் நீலக் கறை. அம்மா எழுதியது பென்சில். கரி தண்ணீரில் கரையாதே, ஒரு எழுத்துகூடப் போகவில்லை.

ஆனால் அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. படித்து முடித்த புத்தகத்தை நாங்கள் டிக் அடிப்போம், அவள் ரப்பரால் அழித்துவிடுவாள். "முடிஞ்சதை எதுக்கு வச்சுக்கிட்டு?" என்பாள். அதனால் அவள் பக்கங்களில் இப்போது இருப்பது, அவள் படிக்காமல் விட்டுப்போன புத்தகங்கள் மட்டும்தான். அதில் முதலாவதை இந்த வாரம் சத்தமாகப் படிக்க ஆரம்பித்திருக்கிறோம். சுமாரான புத்தகம்தான், இருந்தாலும் நிறுத்துவதாக இல்லை.

"போனா என்ன, பேரெல்லாம் திரும்ப எழுதிக்கலாமே" என்று சிலர் ஆறுதல் சொன்னீர்கள். முதல் இரண்டு கட்டத்தைப் பொறுத்தவரை அது உண்மை. தேடினால் கிடைத்துவிடும். மூன்றாவது கட்டத்தை எங்கே போய்த் தேடுவது? 'பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், பேர் கேட்கவில்லை.' 'பல் டாக்டர் கிளினிக்கில் காத்திருந்தபோது பாதி படித்தது.' 'பெரியப்பா (படிக்காதே என்று சொன்னது).' உங்களில் பலரும் அந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள், சிலர் இருபது முப்பது தடவை. எனக்கு இன்னதெல்லாம் பிடிக்கும் என்று என் முகத்தைப் பார்த்து யோசித்துச் சொன்னவர்களின் பட்டியல் அது. புத்தகப் பட்டியல் என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

அப்பா கறை படிந்த தன் பக்கங்களை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பென்சிலோடு மகன். "இந்த வரி போஸ்ட்மேன் சொன்னது. இது என்கூட வேலை பார்த்த டைப்பிஸ்ட் அம்மா. இது உங்க பாட்டியோட தம்பி, சண்டை போட்டுக்கிட்டே சொன்னாரு." வரிசையாக ஆட்களைச் சொல்லிக்கொண்டே போனார். "தாத்தா, புத்தகத்தோட பேரு?" என்று மகன் கேட்டால், "அதுதான்டா ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது." இப்போது எங்களிடம் மூன்றாவது கட்டம் மட்டும் நிரம்பிய ஒரு பக்கம் இருக்கிறது.

இனிமேல் பட்டியலில் எதையும் சேர்க்கமாட்டோம், இருப்பதைப் படித்து முடிப்போம் என்றெல்லாம் சபதம் எடுக்கப்போவதில்லை. அது நடக்கிற காரியமில்லை. நோட்டைக் கையாலேயே ஒரு பிரதி எடுக்கிறோம், பென்சிலில். ஆளுக்கு ஒரு பக்கம். நாலாவதாக ஒரு கட்டமும் போட்டாயிற்று: 'சொன்னவரிடம் சொல்லியாயிற்றா?' ஒரு புத்தகத்தைப் படித்து முடித்தால், அதைச் சொன்னவரைத் தேடிப்பிடித்து, படித்துவிட்டோம் என்று சொல்ல வேண்டும். பிடிக்கவில்லை என்றாலும் சொல்ல வேண்டும். அதற்கு அப்புறம்தான் டிக். ஆகவே திடீரென்று போன் வந்தால் பயந்துவிடாதீர்கள். என்றைக்கோ சொல்லிவிட்டு மறந்துபோன புத்தகத்தைப் பற்றி என் மகள் உங்களிடம் அரைமணி நேரம் பேசக்கூடும்.

கடைசியாகச் சில விஷயங்கள். எங்கள் புத்தகங்களை வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டுத் திருப்ப வேண்டாம். அட்டையைத் தொட்டால் குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு நாள் விட்டுவிடுங்கள். காயவைக்கப் போய் நடுவில் படிக்க ஆரம்பித்துவிட்டதாக இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். முடித்துவிட்டே கொடுங்கள்.

ஒட்டிய தாள்களை நாங்களும் பிரிக்கப்போவதில்லை. மகள் பட்டியலில் ஏதோ படங்களை வெட்டி ஒட்டியிருந்த இடம் அது, அவள் பள்ளியில் சேர்ந்த சமயத்துப் பக்கங்கள். அந்தக் காலத்தில் எங்களில் யாருக்காவது ஏதாவது புத்தகம் சொன்ன ஞாபகம் இருந்தால், தயவுசெய்து இன்னொரு தடவை சொல்லுங்கள். அப்பாவிடம் எப்போதாவது சொன்னவர்களும்தான். அந்த போஸ்ட்மேன் ரிட்டயர் ஆகி எங்கே இருக்கிறார் என்று யாருக்காவது தெரியுமா?

அன்புடன்,
நோட்டுக்காரர்கள் வீட்டிலிருந்து