ஸ்கோர்ஷீட்டில் இருக்கும் கையெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டி முடிந்ததும், கோப்பையுடன் நிற்கும் மாணவிகளின் படத்தைத் தங்கள் மாவட்டப் பக்கத்தில் தவறாமல் வெளியிடுகிறீர்கள். தாளாளர், முதல்வர், உடற்கல்வி இயக்குநர் பெயர்களும் வருகின்றன. ஓரத்தில் கழுத்தில் விசிலோடு நிற்கும் பயிற்சியாளர் நான். பத்திரிகையில் பெயர் வராததில் எனக்கு வருத்தமில்லை. கல்லூரியின் சம்பளப் பதிவேட்டிலும் வரவில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

தங்கச்சிமடத்தில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவள். கல்லூரி அணிக்கு ஆடினேன். காரைக்குடியில் உடற்கல்வியில் முதுகலை வரை படித்தேன். பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஆறு வாரச் சான்றிதழும் கையில் இருக்கிறது. இந்தக் கடற்கரையோரம் உள்ள ஒரு தனியார் கல்லூரியின் பெண்கள் அணிக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளிக்கிறேன். நியமன ஆணை கிடையாது. சீசன் நெருங்கினால் போன் வரும். விளையாட்டுக் கட்டணத்திலிருந்து வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணம் தருவார்கள். போட்டி முடிந்தால் போனும் நின்றுவிடும். வைப்பு நிதி இல்லை, போகட்டும். அனுபவச் சான்று கேட்டேன். "வவுச்சரில் வாங்குகிறவர்களுக்கு எப்படியம்மா சான்று தருவது?" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

வேலை என்னவோ முழுநேர வேலைதான். திறந்தவெளி சிமென்ட் ஆடுகளம். உப்புக்காற்றில் வளையம் துருப்பிடித்துச் சாய்ந்துவிடும். வெல்டர் வரும்வரை காத்திருக்க முடியாமல் நானே ஏணி போட்டு ஏறி, உயரம் மூன்று மீட்டர் ஐந்து சென்டிமீட்டர் இருக்கிறதா என்று டேப் பிடித்துப் பார்ப்பேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மூன்று புள்ளிக்கான 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தால் பந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதனால் எங்கள் பெண்கள் உள்ளே புகுந்து பலகையில் தட்டிப் போடத்தான் முதலில் பழகுகிறார்கள். உள்ளரங்கில் ஆடிப் பழகிய நகரத்து அணிகள் இதைப் பார்த்துச் சிரிக்கும், முதல் கால்பகுதி முடியும்வரை! உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் என்று ஆளுக்கொரு ஊர். இருட்டுவதற்குள் பஸ் ஏற்றிவிட வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை. கல்லூரி திறக்கிற நேரத்தில் மீனவர் வீட்டில் காசு இருக்காது. ஷூ வாங்கி வா என்று அந்தப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது?

நன்றாக ஆடுகிறவர்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே, வங்கி, காவல்துறை என்று போய்விடுகிறார்கள். போகட்டும், அதற்காகத்தானே பயிற்சி. பயிற்சி அளிப்பதையே தொழிலாகக் கொண்டவருக்குக் கல்லூரியில் உள்ள நிரந்தர இடம் உடற்கல்வி இயக்குநர் பணி மட்டும்தான். சதுரங்கம் முதல் கபடி வரை எல்லாம் அந்த ஒருவர் தலையில். அதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் முதுகலைப் பட்டம், தகுதித் தேர்வு அல்லது முனைவர் பட்டம், போட்டிகளில் ஆடிய சான்று, உடல்தகுதி ஆகியவற்றைக் கேட்கின்றன. என் வயதுப் பெண்கள் எட்டு நிமிடத்தில் 800 மீட்டர் ஓட வேண்டும். பந்து மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டே ஓடிவிடுவேன். ஆனால் அணியை உருவாக்கிய ஆண்டுகளை எழுத அந்த நுழைவுத் தகுதியில் இடமே இல்லை.

அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் 1974-ல் பேட் சம்மிட் முதுகலை மாணவியாக, பெண்கள் கூடைப்பந்து அணியின் உதவிப் பயிற்சியாளராகச் சேர வந்தவர். இருந்த பயிற்சியாளர் விலகியதால் 22 வயதில் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. மாதம் 250 டாலர். சீருடை துவைத்ததும் வேன் ஓட்டியதும் அவரேதான். 2012-ல் ஓய்வு பெறும்போது எட்டு தேசியப் பட்டங்கள். அங்கே இரண்டு சீசன் தோற்றால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் மாணவ உதவியாளர், உதவிப் பயிற்சியாளர், தலைமைப் பயிற்சியாளர் என்று ஏறிப்போகப் படி இருக்கிறது. சீருடை துவைப்பதுவரை நானும் செய்கிறேன். அடுத்த படி எங்கே என்றுதான் தெரியவில்லை.

புதுப் பணியிடம் கேட்டால் நிதி இல்லை என்பார்கள். செலவில்லாத ஒன்றைக் கேட்கிறேன். சர்வதேச விதிப்படி ஆட்டம் தொடங்குமுன் பயிற்சியாளர், புள்ளிகளைப் பதியும் தாளான ஸ்கோர்ஷீட்டில் தம் வீரர்களின் பெயர், எண்களைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். நான் வேலை செய்தேன் என்பதற்கு அதைவிட வேறு என்ன ஆதாரம் வேண்டும்? இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டக் கல்லூரிகள் இணைந்துள்ள அழகப்பா பல்கலைக்கழகம், அந்தத் தாள்களை வைத்து ஆண்டுதோறும் பயிற்சியாளர் பட்டியல் ஒன்றை வெளியிட்டு, அனுபவச் சான்றாக வழங்கலாம். அதன்பிறகு, பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரு பயிற்சியாளரை ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்வது பற்றிப் பேசலாம்.

என் பெயரை வெளியிட வேண்டாம். சீசன் தொடங்கப்போகிறது, இன்னும் போன் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு கூடைப்பந்துப் பயிற்சியாளர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.